மானிட்டர் சொன்ன பொய்

என் தாயாரின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் உள்ளது. பிள்ளைகள் நால்வரும் நாலு ஊரில் இருப்பதால், திவசத்துக்கு முன் ஆளுக்கொரு பிரதி கொடுக்க எண்ணி, அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சீர்படுத்தினேன். திரையில் மூக்குத்தி கூடப் பளிச்சென்று தெரிந்தது. பிரிண்டில் வந்ததோ கரி பூசிய முகம். "இது அம்மாவா அண்ணா?" என்றாள் தங்கை. கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பாவம், தப்பு அவருடையதல்ல, என் மானிட்டருடையது.

கம்ப்யூட்டருக்குக் கறுப்பு 0, வெள்ளை 255. நடுவிலுள்ள 128 பாதி வெளிச்சம் தரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தருவது சுமார் 22 சதவீதமே! ரயில் பெட்டியின் பழைய குண்டு பல்பை நினைத்துப் பாருங்கள். வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். பழைய டி.வி. பிக்சர் டியூபும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். இந்த வளைவின் அளவுக்குத்தான் காமா என்று பெயர். இன்றைய தட்டைத் திரைகளில் டியூப் இல்லை. ஆனாலும் வளைவை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். நம் கண் இருட்டுப் பகுதியின் சிறு வேறுபாடுகளை நன்றாக உணரும். இருக்கிற 256 படிகளில் அதிகம் அங்கே செலவாவது சிக்கனம்.

1996இல் முன்வைக்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. முறை ஏறத்தாழ 2.2 காமாவை ஒட்டியது. ஆப்பிள் மேக் 2009 வரை 1.8 வைத்திருந்தது; அதில் சரிசெய்த படம் மற்றவர் திரையில் இருண்டு தெரியும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். திரையை அதற்குரிய முழு ரெசல்யூஷனில் வைத்து, ஒரு கட்டத்தில் ஒரு புள்ளி கனத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடைக்கோடுகள் போடுங்கள். பக்கத்துக் கட்டத்தை 186 என்ற சாம்பல் நிறத்தால் நிரப்புங்கள். தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும். எனக்குச் சாம்பல் கட்டம் வெளுத்துத் தெரிந்தது. காமா குறைவு என்று அர்த்தம். இருண்ட படத்தையும் அது வெளிச்சமாகக் காட்டியிருக்கிறது; நானும் நம்பிவிட்டேன்.

திரையை அரைமணி சூடாக விட்டு, ஜன்னல் வெயில் படாமல், நேராக உட்கார்ந்து செய்யுங்கள். மலிவான எல்.சி.டி. திரையைக் கீழிருந்து பார்த்தாலே படம் இருண்டுவிடும். விண்டோஸிலுள்ள டிஸ்ப்ளே கலர் கேலிபரேஷன் மூலம் காமாவைத் திருத்தினேன். பிறகு திரையில் அம்மாவின் முகமும் கரியாகத்தான் தெரிந்தது! மறுபடி உட்கார்ந்து சீர்படுத்த இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன.

புதுப் பிரதியில் மூக்குத்தி தெரிகிறது. தங்கைக்குப் போன வாரம் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.