குழந்தைகளின் பாதக் கொப்புளங்கள்

குழந்தைகளின் பாதக் கொப்புளங்கள் என்பது கைக்குழந்தைகளின் உள்ளங்கால், குதிகால், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் தோன்றும் பருக்கள், நீர்க்கொப்புளங்கள், சிறு கட்டிகள் ஆகியவற்றைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இது தனியொரு நோயன்று. பல காரணங்களால் ஏற்படும் ஓர் அறிகுறியே. தாம்பரம், குரோம்பேட்டை, முடிச்சூர் முதலிய சென்னையின் தென் புறநகர்ப் பகுதிகளில் கோடையில் வெக்கையும் மழைக்காலத்தில் கொசுக்களும் மிகுதியாதலால், இவை வேர்க்குரு என்றோ கொசுக்கடி என்றோ எளிதில் கருதப்பட்டுவிடக்கூடும். ஆனால் வேர்க்குரு பெரும்பாலும் கழுத்து, முதுகு, தோல்மடிப்புகள் ஆகிய இடங்களில் வருவது. கொசுக்கடித் தடிப்பு, துணி மூடாத புறங்காலிலும் கணுக்காலிலுமே மிகுதி. உள்ளங்காலில் பருக்கள் காணப்பட்டால் வேறு காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

சிரங்கு

முதலில் ஐயுற வேண்டியது சிரங்கு. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள ஒருவகைச் சிற்றுண்ணி தோலைத் துளைத்து முட்டையிடுவதால் இது உண்டாகிறது. பெரியவர்களுக்கு விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகியவற்றில் காணப்படும் இந்நோய், கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகியவற்றையும் தாக்கும். இதனாலேயே குழந்தையின் சிரங்கு பலமுறை அடையாளம் தெரியாமல் போகிறது. இரவில் அரிப்பு மிகும். குழந்தை உறங்காமல் அழும்.

முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். எனவே அரிப்பில்லாத தாயோ பாட்டியோ நோயைச் சுமந்திருக்கக்கூடும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ளாவிடில் நோய் திரும்பவும் வரும். பொதுவாக 5% பெர்மெத்ரின் களிம்பு பயன்படுத்தப்படுகிறது. ஒரு வாரத்திற்குப்பின் மீண்டும் பூசுவர். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவர் கூறாமல் இதனைப் பூசலாகாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அரிப்பைத் தணித்து நோயை மறைத்துவிடும், உண்ணி சாகாது. உலக சுகாதார அமைப்பு 2017-இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் சேர்த்தது.

கை, கால், வாய் நோய்

காய்ச்சலுடன் உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஆகிய இடங்களில் கொப்புளங்கள் வந்தால் இந்நோயாக இருக்கலாம். காக்சாக்கி வைரசு, என்டிரோவைரசு 71 ஆகியவை இதனை உண்டாக்குகின்றன. கால்நடைகளுக்கு வரும் கோமாரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அம்மை எனவும் இது தவறாக எண்ணப்படுவதுண்டு. சின்னம்மைக் கொப்புளங்கள் உடலின் நடுப்பகுதியிலேயே மிகுதி. கோழிக்கோட்டில் 2003-இல் இந்நோய் பரவியது. 2022-இல் கொல்லம் மாவட்டத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ எனப் பேசப்பட்டதும் இதன் ஒரு வடிவமே எனப் பின்னர் கருதப்பட்டது. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானே குணமாகும். வாய்ப்புண்ணால் பால் குடிக்க மறுத்து, உடலில் நீர் வற்றுவதே கவனிக்க வேண்டியது.

பிற காரணங்கள்

சிரங்கு நீங்கிய பின்னரும் சில குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்கொருமுறை உள்ளங்காலில் சீழ்ப்பருக்கள் தோன்றி மறையும். 1979-இல் விவரிக்கப்பட்ட இந்நிலை 2 அல்லது 3 வயதில் நின்றுவிடும். சிரங்கே மீண்டதாக எண்ணித் திரும்பத் திரும்ப உண்ணி மருந்து பூசுவது வீண். பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் குதிகாலில் குத்திக் குருதி எடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு, சில மாதங்கள் கழித்து அவ்விடத்தில் சுண்ணாம்புப் படிவால் வெண்ணிறச் சிறுகட்டிகள் வரலாம். இரு குதிகால்களின் உட்புறத்திலும் தோலின் நிறத்திலேயே இருக்கும் மெத்தென்ற, வலியற்ற புடைப்புகள் கொழுப்புத் திசுவால் ஆனவை. இவற்றுக்கு மருத்துவம் தேவையில்லை.

மருத்துவரை நாடவேண்டிய நிலை

ஒரு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் கொப்புளமோ சீழ்ப்பருவோ தோன்றினால் காத்திருத்தல் கூடாது. பிறவிச் சிபிலிசும் உள்ளங்கை, உள்ளங்கால் கொப்புளங்களாக வெளிப்படலாம்; உரிய காலத்தில் பென்சிலின் அளித்தால் குணப்படுத்தலாம். காய்ச்சல், சோர்வு, பால் குடியாமை, சிவந்து பரவும் வீக்கம் ஆகியனவும் உடனே காட்டவேண்டியவை. எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குத் தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் புறநகர் இரயிலில் செல்லலாம்.