டிராக்டருக்கு டயர்தான் ஸ்பிரிங்!



மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை வேலை ஆரம்பித்துவிட்டால் நம்ம பக்கம் பொழுது விடிந்தால் டிராக்டர் சத்தம்தான். டிராக்டர் ஓட்டுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், "இடுப்பு வலி"ன்னு சொல்லுவாங்க. பஸ் டிரைவரும் நாள் முழுக்க உட்கார்ந்துதானே ஓட்டுகிறார்? டிராக்டரில் மட்டும் ஏன் இவ்வளவு குலுங்குது? எங்க அப்பா டிராக்டர் டிரைவர். அதனால் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

ஸ்பிரிங் இல்லாத வண்டி

பஸ், லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் சக்கரத்துக்கு மேலே பட்டை பட்டையாக ஸ்பிரிங் அடுக்கி இருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஸ்பிரிங் வளைந்து கொடுக்கும். டிராக்டரின் பின் சக்கரத்தில் பொதுவாக அது கிடையாது. அச்சு நேராக வண்டியோடு சேர்ந்தே இருக்கிறது.

ஏன் வைக்கவில்லை? ஏர் கலப்பை வண்டியின் பின்னால்தான் மாட்டப்படுகிறது. ஸ்பிரிங் வைத்தால் வண்டி மேலும் கீழும் ஆடும், கலப்பையும் கூடவே ஆடும். ஒரு இடத்தில் ஆழமாகவும் ஒரு இடத்தில் மேலாகவும் உழும். அதனால் தரைக்கும் டிரைவருக்கும் நடுவில் வளைந்து கொடுப்பது இரண்டே பொருள். ஒன்று சீட்டுக்கு அடியில் உள்ள சின்ன ஸ்பிரிங். இன்னொன்று டயருக்குள் இருக்கிற காற்று!

காற்று டயர் வந்த கதை

நம்ம தாத்தா காலத்துக் கட்டை வண்டிக்கு மரச் சக்கரம், மேலே இரும்புப் பட்டை. கல்லில் ஏறினால் தலை வரைக்கும் அடிக்கும். பிறகு டயர் வண்டி வந்தது. மாட்டுக்கும் இழுக்க லேசு, ஆளுக்கும் சுகம்.

1845-ல் ராபர்ட் தாம்சன் என்பவர் காற்று அடைத்த சக்கரத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அப்போது அது பரவவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடியும் காற்று டயர் செய்தார். 1888-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். டிராக்டர்கள் அதற்குப் பிறகும் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. 1932-ல் அமெரிக்காவில் அல்லிஸ் சாமர்ஸ் கம்பெனி டிராக்டருக்குக் காற்று டயர் போட்டு விற்க ஆரம்பித்தது.

பட்டன் கணக்கு

டிராக்டர் பின் டயரில் 13.6-28 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டயரின் அகலம் 13.6 அங்குலம், உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம் 28 அங்குலம் என்று அர்த்தம். சணல் கயிறு வைத்துச் சுற்றளவை அளந்தேன். 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. டயரில் மேடு மேடாக இருப்பதைப் பட்டன் என்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணினால் 38.

இப்போது கணக்குப் போடுவோம். டிராக்டர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் தார் ரோட்டில் போனால் ஒரு நொடிக்கு 4 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதாவது நொடிக்கு ஒரு சுற்று. அப்படியானால் ஒரு நொடிக்கு 38 பட்டன் ரோட்டைத் தட்டுகிறது! அதுதான் அந்த 'டர்ர்ர்' அதிர்வு. சேற்றில் இது தெரியாது. பட்டன் சேற்றுக்குள் இறங்கிவிடும். "சேறு அடிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது, ரோட்டுல வர்றப்பதான் உசுரு போவுது"ன்னு அப்பா சொல்றதுக்கு இதுதான் காரணம்.

பட்டன் நேராக இல்லாமல் சாய்வாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு பட்டன் தரையை விடுவதற்கு முன்னாலேயே அடுத்தது தரையைத் தொட்டுவிடும். அதனால் தட்டு கொஞ்சம் குறையும். சேறும் வெளிப்பக்கம் தள்ளப்படும்.

இது தவிர இன்னொரு குலுக்கல் இருக்கிறது. மேடு பள்ளத்தில் வண்டி முழுவதும் பந்து மாதிரி மெதுவாகத் துள்ளும். மனிதனின் முதுகெலும்பை மிகவும் வாட்டுவது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் ஆட்டம். டிராக்டர் துள்ளுவது இதற்குப் பக்கத்தில் வருவதால்தான் இடுப்பு கெடுகிறது.

எந்தச் சக்கரம் எதற்கு?

1. சாதாரண டயர்: பட்டன் அளவான உயரம். புழுதி உழவு, ரோடு, டிரெய்லர் எல்லாவற்றுக்கும் ஆகும். ஆழமான சேற்றில் வழுக்கும்.

2. சேற்று டயர்: பட்டன் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம், இடைவெளியும் அதிகம். சேற்றில் நல்ல பிடிமானம். தார் ரோட்டில் குலுக்கி எடுக்கும், சீக்கிரம் தேயும்.

3. கேஜ் வீல்: இரும்புச் சக்கரம். டயரைக் கழற்றிவிட்டு மாட்டுவது முழு கேஜ் வீல், டயருக்குப் பக்கத்தில் சேர்த்து மாட்டுவது அரை கேஜ் வீல். சேறு அடிக்க மட்டும்தான். இதோடு ரோட்டில் ஏறக் கூடாது. ரோடும் பெயர்ந்துவிடும், ஓட்டுபவர் உடம்பும் பெயர்ந்துவிடும்.

இன்னொன்று, ரேடியல் டயர். இதன் பக்கச் சுவர் மெத்தென்று வளையும், அதனால் குலுக்கல் குறையும். விலை அதிகம் என்பதால் நம்ம நாட்டு டிராக்டர்களில் பெரும்பாலும் சாதாரண நைலான் டயர்தான் இருக்கிறது.

எங்க வீட்டில் நடந்த பேச்சு

போன வருஷம் அப்பா ஓட்டுகிற வண்டிக்குப் பின் டயர் தேய்ந்துவிட்டது. வண்டி அப்பாவுடையது இல்லை. வண்டிக்காரர் சேற்று டயர் போடலாம் என்றார். கேஜ் வீல் மாட்டிக் கழற்றுகிற நேரம் மிச்சம் என்பது அவர் கணக்கு. அதுவும் நியாயம்தான்.

அப்பா வேறு கணக்குச் சொன்னார். "குறுவை, சம்பா ரெண்டுக்கும் சேத்து சேறு அடிக்கிறது கொஞ்ச நாளுதாங்க. மிச்ச நாள் பூரா நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டு கொள்முதல் நிலையத்துக்கு ரோட்டுலதானே ஓடுது? சாதா டயரே போடுங்க. சேத்துக்கு அரை கேஜ் வீலை நானே மாட்டிக்கிறேன்" என்றார். கடைசியில் சாதாரண டயர்தான் வாங்கினார்கள்.

அப்பாவுக்கு இடுப்பு வலி போய்விடவில்லை. ஆனால் இப்போ லோடு அடித்துவிட்டு வந்தால் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார். முன்பு நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். டயருக்குக் காசு கொடுக்கிறவர் ஒருத்தர், அதன் மேலே உட்காருகிறவர் வேறொருத்தர். அதனால் வாங்கும் முன் ஓட்டுகிறவரையும் ஒரு வார்த்தை கேட்கணும்.

காசு செலவில்லாத வைத்தியம்

எந்த டயராக இருந்தாலும் காற்று சரியாக இருக்க வேண்டும். காருக்கு 30 பவுண்டு பக்கம் காற்று வேண்டும். ஆனால் டிராக்டர் பின் டயருக்கு வயலில் 12 பவுண்டு பக்கமே போதும். லோடு இழுக்கும்போது கொஞ்சம் கூட வேண்டும். வண்டிக்கு வண்டி மாறும், வண்டியோடு கொடுக்கிற புத்தகத்தில் அளவு போட்டிருக்கும்.

காற்று அதிகமானால் டயர் கல்லு மாதிரி ஆகி வண்டி துள்ளும். தரையில் படுகிற பரப்பும் குறைந்து பிடிமானம் போகும். ரொம்பக் குறைந்தால் லோடோடு போகும்போது வண்டி அசையும், டயரின் பக்கச் சுவர் வெடிக்கும். சிலர் பிடிமானத்துக்காகப் பின் டயரில் தண்ணீர் நிரப்புவார்கள். தண்ணீரை அமுக்க முடியாது, காற்றைத்தான் அமுக்க முடியும். அதனால் தண்ணீர் நிரப்பிய டயர் குறைவாகத்தான் வளைந்து கொடுக்கும், குலுக்கல் கூடும். சேற்று வேலை முடிந்ததும் தண்ணீரை இறக்கிவிடுவது நல்லது.

செய்து பார்ப்போம்

ஒரு சொம்பில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி சைக்கிள் கேரியரில் கட்டுங்கள். டயரில் காற்றை இறுக்கமாக அடித்துக்கொண்டு கப்பி ரோட்டில் ஐம்பது அடி தள்ளிக்கொண்டு போங்கள். பிறகு காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, அதே அளவு தண்ணீரோடு அதே இடத்தில் தள்ளுங்கள். எதில் அதிகம் சிந்தியது என்று பாருங்கள். பார்த்ததும் மறக்காமல் காற்றை அடித்துவிடுங்கள், இல்லையென்றால் டியூப் போய்விடும்!

உங்கள் வீட்டிலும் யாராவது டிராக்டர் ஓட்டினால், இன்றைக்குப் போய்ப் பின் டயரில் எத்தனை பவுண்டு காற்று இருக்கிறது என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் பஞ்சர் கடையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி