பாலர் பருவமும் பாடசாலைப் பாடங்களும்

விசயதசமி நாளிலே ஏடு தொடக்கும் வழக்கம் தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக உண்டு. தட்டிலே பரப்பிய அரிசியில், பெரியவர் ஒருவர் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவிக்கின்றார். வீடு முழுவதும் மகிழ்கின்றது. ஆனால், பிள்ளை பாடசாலையிற் சேர்ந்து சில வாரங்கள் சென்றதும், அம்மகிழ்ச்சி கவலையாக மாறுவதுண்டு. கொப்பியைத் திறந்து பார்த்தால் எழுத்தைக் காணோம். "இன்று என்ன படித்தாய்?" என்று தாய் கேட்டால், "பாட்டுப் பாடினோம், புளியங்கொட்டை எண்ணினோம்" என்று பிள்ளை விடை கூறுகின்றது. பிள்ளையின் காலம் வீணாகின்றதோ என்று பெற்றோர் ஐயுறுகின்றனர். இவ்வையம் நியாயமானதா என்பதை ஆராய்ந்து பார்த்தல் நன்று.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனனமே முதன்மை பெற்றது. பிள்ளைகள் மணலில் எழுதி, எண்சுவடியையும் நீதிநூல்களையும் உரக்கச் சொல்லிப் பழகினர். பயிற்சி பெற்ற நினைவாற்றல் அம்முறையால் விளைந்த நன்மை. ஆயினும், சொல்லும் பொருளும் பிள்ளையின் வயதுக்கு ஏற்றனவா என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப் பாடசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், எளிய உரைநடையிற் பாலபாடங்களைத் தரம் பிரித்து எழுதினார். மேலைநாட்டிலே புரோபெல் என்பார் தாம் நடத்திய பாலர் பள்ளிக்கு 1840 இற் "குழந்தைகள் பூங்கா" என்னும் பொருளுடைய பெயரைச் சூட்டினார். மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 இல் உரோமாபுரியின் ஏழைமக்கள் வாழ்ந்த பகுதி ஒன்றிற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பிள்ளை கையாற் செய்து அறிவதே உறுதியான அறிவு என்பது இவ்விருவரும் வற்புறுத்திய உண்மை.

இலங்கையில் 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி என்னும் கொள்கையும் அக்காலத்திலேயே நிலைபெற்றது. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பாடசாலையிற் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியது. சில ஆண்டுகளின் பின் அது மீண்டும் ஐந்தாயிற்று. 1998 முதல் ஐந்து வயது தொடக்கம் பதினான்கு வயது வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016 இல் அவ்வெல்லை பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. ஆரம்பக் கல்விக்கான புதிய கலைத்திட்டம் 1998 இற் கம்பகா மாவட்டத்திற் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1999 இல் முதலாந் தரத்திலிருந்து நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

அக்கலைத்திட்டம் பிள்ளையின் கல்வியைத் தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என நான்கு பெரும் பாடங்களாக வகுத்தது. முதலிரு தரங்களில் ஆங்கிலம் பேச்சளவிலே பழக்கப்பட்டு, மூன்றாந் தரத்தில் முறையான பாடமாயிற்று. ஐந்து தரங்களும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒன்றும் இரண்டும் முதலாம் நிலை. மூன்றும் நான்கும் இரண்டாம் நிலை. ஐந்தாந் தரம் மூன்றாம் நிலை. முதலாம் நிலையில் விளையாட்டும் செயற்பாடும் மிகுந்திருக்க, எழுத்து வேலை குறைந்திருக்கும். இரண்டாம் நிலையில் மூன்றும் சமமாகும். மூன்றாம் நிலையில் எழுத்து வேலை மேலோங்கும். ஆகவே, புளியங்கொட்டை எண்ணியது ஆசிரியரின் சோம்பலால் நிகழ்ந்ததன்று. அது திட்டமிட்ட பாடமே.

அத்திட்டத்தின் காரணத்தை எவரும் வீட்டிலேயே கண்டறியலாம். ஐந்து வயதுப் பிள்ளையின் முன் புளியங்கொட்டைகளை ஐந்தைந்தாக இரு வரிசையில் வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பிவிட்டு, "எதில் அதிகம்?" என்று கேட்டாற் பிள்ளைகள் பலர் அகன்ற வரிசையையே காட்டுவர். சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாசே இத்தகைய சோதனைகளால் விளக்கிய உண்மை இது. நூறு வரை ஒப்புவிக்கும் பிள்ளையும் இதில் தவறக்கூடும். எண்ணின் பெயரை அறிதல் வேறு, எண்ணை உணர்தல் வேறு என்பது இதனாற் புலனாகும். பொருள்களைச் சேர்த்தும் பிரித்தும் பலகாற் பழகிய பின்னரே கூட்டலும் கழித்தலும் பொருளுடையனவாகும்.

எழுத்தின் நிலையும் இதுவே. தமிழெழுத்துகள் வளைவும் சுழியும் நிறைந்தவை. களிமண்ணை உருட்டியும், பூத்தொடுத்தும், கடதாசி கிழித்து ஒட்டியும் விரல்கள் வலுப்பெறாமுன் பென்சிலைத் திணித்தால், பிள்ளைக்கு எழுத்தின்மேல் வெறுப்பே மிஞ்சும். லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காது முதலில் அறிதல் வேண்டும். கண்ணும் கையும் அதனைப் பின்தொடரும். பாட்டும் கதையும் அதற்காகவே வகுப்பில் இடம்பெறுகின்றன.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடமே பலர்க்குப் புதியதாகத் தோன்றுவது. வீட்டுக் கிணறு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். நீர் எங்கிருந்து ஊறுகின்றது என்பது விஞ்ஞானம். ஒரு குடம் நிரம்ப எத்தனை செம்பு வேண்டும் என்பது கணிதம். கிணற்றடியைத் தூய்மையாக வைத்தல் சுகாதாரம். அயலவருடன் நீரைப் பகிர்தல் நல்லொழுக்கம். மட்டக்களப்புப் பிள்ளைக்கு வயலும் வாவியும், மலையகப் பிள்ளைக்குத் தேயிலைத் தோட்டமும், யாழ்ப்பாணப் பிள்ளைக்குப் பனந்தோப்பும் இவ்வாறே பாடநூல்களாகும்.

இத்திட்டத்தின் உயிர்நாடி அத்தியாவசியத் தேர்ச்சி என்பதாகும். ஒவ்வொரு நிலையின் முடிவிலும் எல்லாப் பிள்ளைகளும் கட்டாயமாகப் பெற்றிருக்க வேண்டியவற்றை அது வரையறுத்தது. ஆசிரியர் நாள்தோறும் அவதானித்து, பின்தங்கியோரை அங்கேயே கைதூக்கிவிடல் வேண்டும். இரண்டாந் தரத்தில் வாசிக்க இயலாத பிள்ளையை அப்படியே விட்டால், ஐந்தாந் தரத்தில் அது கடைசி வாங்கில் மௌனமாக அமர்ந்திருக்கும். அம்மௌனத்தைச் சோம்பல் என்று கருதித் தண்டிப்பது கொடுமையன்றோ?

இங்கேதான் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை குறுக்கிடுகின்றது. திறமையுள்ள ஏழைப் பிள்ளைகள் நல்ல பாடசாலைகளில் உதவிப்பணத்துடன் கற்க வேண்டும் என்னும் உயர்ந்த நோக்கத்துடன் எழுந்த பரீட்சை அது. நாளடைவில் அது பெற்றோரின் போட்டியாக மாறிற்று. மூன்றாந் தரத்திலேயே மாலை வகுப்புகள் தொடங்க, விளையாட்டுக்குரிய நேரம் மாதிரி வினாத்தாள்களுக்கு இரையாகின்றது. அவ்வாரவாரம் முன்பள்ளி வரை இறங்கி, நான்கு வயதுக் குழந்தைக்கும் வீட்டுப்பாடம் வழங்கப்படுகின்றது. இதனால் மிகுதியும் இழப்பவர், வீட்டிலே உதவ ஒருவருமில்லாத பிள்ளைகளே.

பெற்றோர் செய்யக்கூடியவை எளியவை. சந்தைக்குச் செல்கையிற் காய்களை எண்ணுவிக்கலாம். இரவிலே ஒரு கதை சொல்லி, அதனைத் திருப்பிச் சொல்லக் கேட்கலாம். கொப்பி வெறுமையாயிருப்பின், அன்று பிள்ளை கண்டதையும் செய்ததையும் வினவலாம். ஏடு தொடக்கிய நாளிற் பெரியவர் விரலைப் பிடித்தது சிறிது நேரமே. அதன்பின் அவ்விரல் தானாக அசையப் பழகும்வரை பொறுத்திருத்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும்.