பைக்கரைப் படம்பிடித்தவர்

பாழடைந்த ஒரு சமூகக்கூடம். புழக்கம் நின்றுபோன அந்த இடத்தில் ஒரு பியானோ மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் முன் ஒரு சிறுமி அமர்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் 1971ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரில் எடுக்கப்பட்டது. நகரின் பைக்கர் என்னும் வட்டாரத்தில் இருந்த அந்தக் கூடம் ஏன் கைவிடப்பட்டது? அங்கு வந்துபோனவர்கள் எங்கே சென்றனர்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், ஒரு வட்டாரமே இடிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட வரலாறு நம் முன் விரியும்.

நியூகாசில், டைன் ஆற்றங்கரையில் அமைந்த தொழில் நகரம். கப்பல் கட்டும் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தவர்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பைக்கரில் வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் எழுந்தன. ஆற்றை நோக்கிச் சரியும் மேட்டில் அந்தத் தெருக்கள் இறங்கிச் சென்றன. அவ்வீடுகளின் அமைப்பு சற்று வேடிக்கையானது. தெருவைப் பார்த்தபடி இரண்டு வாசற்கதவுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு கதவைத் திறந்தால் கீழ்வீடு. மற்றொன்றைத் திறந்தால் மேல்வீட்டிற்குச் செல்லும் படிக்கட்டு. இவ்வாறு நெருங்கி வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 17,000 பேர்.

1969ஆம் ஆண்டில் சிர்க்கா-லீசா கொன்டினென் என்ற இளம்பெண் இங்குக் குடியேறினார். பின்லாந்தில் பிறந்த அவர், லண்டனில் திரைப்படக் கலை பயின்றவர். அங்கு உடன் பயின்ற நண்பர்களுடன் சேர்ந்து ‘ஆம்பர்’ என்ற கலைக்குழுவைத் தொடங்கியிருந்தார். உழைக்கும் மக்களின் வாழ்க்கையைப் படமாகவும் புகைப்படமாகவும் பதிவுசெய்வதே அக்குழுவின் நோக்கம். அதற்காகவே அவர்கள் தலைநகரை விட்டு வடக்கே வந்தனர்.

அயல்நாட்டைச் சேர்ந்த ஒருவர் கேமராவுடன் தெருவில் நடந்தால் மக்கள் ஐயத்துடன் பார்ப்பது இயல்பே. ஆனால், கொன்டினென் காலையில் வந்து மாலையில் திரும்பிப்போகும் பார்வையாளராக இருக்கவில்லை. அவரும் பைக்கரில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கினார். அக்கம்பக்கத்தினருள் ஒருவராகவே ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார். படம் எடுத்ததோடு நில்லாமல், அவர்கள் பேசியதையும் பதிவுசெய்தார். அவருடைய படங்களில் மனிதர்கள் கேமராவுக்கு அஞ்சாமல் நிற்பதற்கு இந்த அண்டைவீட்டு உறவே காரணம் எனலாம்.

அவர் தேடியவை பெரிய நிகழ்ச்சிகள் அல்ல. வாசற்படியில் நின்று பேசும் மூதாட்டிகள், சமையலறையில் தேநீர் அருந்தும் குடும்பத்தினர், கொடியில் காயும் துணிகள் என அன்றாடக் காட்சிகளே அவரை ஈர்த்தன. புகழ்பெற்ற ஒரு படத்தில், காற்றடைத்த பெரிய பந்தின் மேல் அமர்ந்து ஒரு சிறுமி தெருவில் துள்ளிக்கொண்டிருக்கிறாள். வேறு சில படங்களில் பாதி இடிந்த வீடுகளுக்கு நடுவே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பெரியவர்களுக்கு இழப்பாகத் தெரிந்த இடம், பிள்ளைகளுக்குத் திடீரென்று கிடைத்த விளையாட்டுத் திடலாகிவிட்டது.

வீடுகள் ஏன் இடிக்கப்பட்டன என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் குளியலறை இல்லை. கழிப்பறை வெளியே, பின்கட்டில் இருந்தது. குளிர்காலத்தில் நள்ளிரவில் எழுந்து அங்குச் செல்வது எளிதன்று. ஈரம் ஏறிய சுவர்களுடன் வாழ்ந்தவர்கள் புதிய வீடு கேட்டதில் தவறே இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் வறுமையும் அழகாகத் தெரியக்கூடும். அதில் குளிரும் ஈர நாற்றமும் பதிவாவதில்லை. ஆகவே, “பழைய பைக்கரை அப்படியே விட்டிருக்கலாமே” என்று படங்களை மட்டும் பார்த்து முடிவுசெய்வது சரியன்று. மக்கள் பலரும் விரும்பியது இரண்டையும்தான்: நல்ல வீடும் வேண்டும், அதுவும் பைக்கரிலேயே, பழகிய மனிதர்களுக்கு அருகிலேயே வேண்டும்.

மாநகர மன்றமும் அந்த விருப்பத்தை ஏற்றது. சுவீடனில் பணியாற்றிவந்த ரால்ஃப் எர்ஸ்கின் என்ற கட்டடக் கலைஞரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அவருடைய குழுவினர் நகர மையத்தில் அலுவலகம் அமைக்கவில்லை. பைக்கருக்குள்ளேயே, முன்பு ஈமச்சடங்கு நிலையமாக இருந்த ஒரு கடையில் மேசைகளைப் போட்டனர். குடியிருப்பாளர்கள் எந்த நேரமும் உள்ளே வந்து கேள்வி கேட்கலாம். முதலில் 46 வீடுகள் சோதனையாகக் கட்டப்பட்டன. அவற்றில் குடியேற இருந்தவர்களின் கருத்துகளும் கேட்கப்பட்டன.

பிறகு எழுந்ததுதான் ‘பைக்கர் சுவர்’. வளைந்து நெளிந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அடுக்குமாடிக் கட்டடம் அது. வடக்கே ஒரு நெடுஞ்சாலை வரப்போவதாக அப்போது திட்டம் இருந்தது. அதன் இரைச்சலையும் வாடைக்காற்றையும் தடுக்க, வடபுறச் சுவரில் சிறிய சன்னல்களே வைக்கப்பட்டன. தென்புறமோ வெயிலை வரவேற்கும்படி மர மாடங்களுடன் வண்ணமயமாகத் திறந்திருந்தது. அந்தச் சுவரின் அரவணைப்பில் சிறிய வீடுகளும் தோட்டங்களும் அமைந்தன. மொத்தம் ஏறத்தாழ 1,800 வீடுகள். 2007ஆம் ஆண்டில் இக்குடியிருப்பு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உயர்ந்த தரத்தில் இடம்பெற்றது.

திட்டம் நல்லதுதான். ஆனால், வீடுகள் இடிக்கப்பட்ட வேகத்தில் புதிய வீடுகள் எழவில்லை. பக்கத்து வீடு காலியாகிப் பலகை அடிக்கப்படும். அடுத்த மாதம் எதிர்வீடும் காலியாகும். வாடிக்கையாளர்கள் குறையவே கடைகள் மூடப்படும். ஆளில்லாத் தெருவில் தன் முறைக்காக எத்தனை ஆண்டுகள்தான் காத்திருக்க முடியும்? பலர் வேறு வட்டாரங்களுக்குச் சென்றுவிட்டனர். புதிய பைக்கரில் வீடு பெற்றவர்கள், பழைய குடியிருப்பாளர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. மாநகர மன்றக் கணக்கில் இது வீடுகளின் எண்ணிக்கை. கொன்டினெனின் படங்களிலோ முகங்களின் வரிசை. பலகை அடித்த சன்னலுக்கு அருகில் இன்னும் திரைச்சீலை தொங்கும் ஒரு சன்னல் தெரிந்தால், அங்கே யாரோ காத்திருக்கிறார் என்பது நமக்குப் புரிந்துவிடும்.

இறுதியில் கொன்டினென் குடியிருந்த வீடும் இடிக்கப்பட்டது. அவருடைய படங்களும் குடியிருப்பாளர்களின் சொற்களும் 1983ஆம் ஆண்டில் ‘பைக்கர்’ என்ற பெயரிலேயே நூலாக வெளிவந்தன. 2011ஆம் ஆண்டில், அவருடைய புகைப்படங்களும் ஆம்பர் குழுவின் திரைப்படங்களும் யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்தைச் சார்ந்த பிரிட்டனின் பதிவேட்டில் இடம்பெற்றன.

2003ஆம் ஆண்டில் அவர் கேமராவுடன் மீண்டும் பைக்கருக்குச் சென்றார். இம்முறை அவர் எடுத்தவை வண்ணப் படங்கள். பைக்கரும் மாறியிருந்தது. பிற நாடுகளிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களும் அங்குக் குடியேறியிருந்தனர். முன்போலத் தெருவில் கண்ட காட்சியை அவர் படமெடுக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் பேசி, தம் வாழ்க்கையை எந்தக் காட்சி சொல்ல வேண்டும் என்பதை அவர்களோடு கலந்து முடிவுசெய்தபின்பே படம் எடுத்தார்.