பியானோவின் குரலை மாற்றும் ஒரு சொட்டு!



பங்குனி உத்திரம் வந்தால் எங்கள் நெய்வேலியில் வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் கூட்டம் அலைமோதும். அடுத்த முறை எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும், தவில் வாசிப்பவரின் வலக்கை விரல்களைக் கவனியுங்கள். விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டியிருப்பார். மாவுப் பசையை இறுகக் காயவைத்து இந்தக் கூடுகளைச் செய்வது பழைய வழக்கம். வெறும் விரலால் தட்டினால் வராத 'கணீர்' ஒலி, கூடு மாட்டிய விரலால் தட்டினால் வருகிறது. தோல் அதேதான், தட்டும் பொருள்தான் மாறியிருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாமா? ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் மெதுவாகத் தட்டுங்கள். 'டிங்' என்று கேட்கும். இப்போது கரண்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு தட்டுங்கள். ஒலி மந்தமாகிவிட்டது அல்லவா? கடினமான பொருள் பட்டவுடன் விலகிவிடும். அதனால் டம்ளரில் எழும் நுண்ணிய, வேகமான அதிர்வுகளும் நம் காதுக்கு வருகின்றன. மெத்தென்ற துணி சற்று நேரம் ஒட்டி நின்று அந்த அதிர்வுகளை எழவிடாமல் அமுக்கிவிடுகிறது.

பியானோவின் ரகசியமும் இதுதான்! இத்தாலியைச் சேர்ந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி 1700-ஆம் ஆண்டையொட்டி இந்தக் கருவியை உருவாக்கினார். இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே ஒரு சிறிய மரச் சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கும். சுத்தியலின் தலையில், செம்மறி ஆட்டுக் கம்பளியை அழுத்திச் செய்த கெட்டித் துணி போர்த்தியிருக்கும்.

இந்தக் கம்பளி மிகவும் மெத்தென்று இருந்தால் பியானோ முணுமுணுக்கும். பெரிய அரங்கில் கடைசி வரிசைக்கு ஒலி தெளிவாகப் போய்ச் சேராது. அப்போது கைதேர்ந்தவர்கள் ஒரு மருந்து கொடுப்பார்கள். மர மேசைக்குப் பூசும் லேக்கரையோ, ஆல்கஹாலில் கரைத்த அரக்கையோ நீர்க்கக் கலந்து, கம்பளியில் சில சொட்டுகள் விடுவார்கள். நம் நாட்டில் அரக்குப் பூச்சிகளிடமிருந்து கிடைக்கிறதே, அதே அரக்குதான்! கரைத்த திரவம் ஆவியாகிப் போய்விடும். உள்ளே தங்கும் அரக்கு, கம்பளி இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். தவில்காரரின் விரல் கூடு போல!

ஒலி கூர்மையாகி 'கீச்' என்று இருந்தால், கம்பளியை ஊசியால் குத்தித் தளர்த்துவார்கள். இப்படிக் குரலைச் சீராக்கும் வேலைக்கு 'வாய்ஸிங்' என்று பெயர். சுருதி சேர்ப்பது வேறு, இது வேறு.

இதில் அவசரம் ஆகவே ஆகாது. சொட்டு விட்டவுடன் பலன் தெரியாது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் தெரியும். பொறுமையில்லாமல் மேலும் மேலும் ஊற்றினால், மறுநாள் பியானோ தகரத்தைத் தட்டியதுபோல் கத்தும். ஊறிய அரக்கை முழுவதும் வெளியே எடுப்பது மிகக் கடினம். சுத்தியல்களையே மாற்ற நேரிடலாம். ஆகவே, முதலில் கொஞ்சம் விட்டு, காயவிட்டு, காது கொடுத்துக் கேட்டு, தேவையானால் மட்டும் இன்னும் கொஞ்சம் விடுவார்கள். ஒரு எச்சரிக்கை: இந்தத் திரவங்கள் எளிதில் தீப்பற்றும், அவற்றின் ஆவியைச் சுவாசிப்பதும் கெடுதல். நீங்கள் தொடக்கூடாது!

இந்தச் சுத்தியலின் அடியை ஆராய்ந்தவர்களில் நம் தமிழரும் ஒருவர். திருச்சி திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி.வி. ராமன்தான் அவர்! பியானோ சுத்தியல் கம்பியில் மோதும் விதம் பற்றி, பானர்ஜி என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையை, லண்டன் ராயல் சொசைட்டி 1920-இல் வெளியிட்டது. மிருதங்கத்தின் ஒலியையும் அவர் ஆராய்ந்தார். ஒளி பற்றிய ஆய்வுக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றது பிறகு நடந்தது.

டம்ளர் சோதனையை அட்டை, ரப்பர், மரக்குச்சி ஆகியவற்றைக் கொண்டும் செய்து பாருங்கள். எது எப்படி ஒலித்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள். உன்னிப்பாகக் கேட்கும் காதுதான் விஞ்ஞானிக்கும் இசைக் கலைஞருக்கும் முதல் கருவி!