ஓடுகிற சர்வரை எதற்குத் தொட வேண்டும்?

ஏலகிரியில் எட்டு அறை கொண்ட ஒரு விடுதி என்று வைத்துக்கொள்வோம். 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வருகிறவர்களில் பலர் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆதார் நகலையும் அங்கேயே ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் ஒரு வாடகை சர்வரில் ஓடுகிறது. அதை அமைத்துக் கொடுத்த பையன் பெங்களூரு வேலைக்குப் போய் வருஷங்களாகின்றன. “ஆயிரம் நாளாச்சு சார், ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் பண்ணதில்ல. ஓடுறதை எதுக்குத் தொடணும்?” என்கிறார் உரிமையாளர்.

அவர் பெருமையாகச் சொல்லும் அந்த ஆயிரம் நாள்தான் பயப்பட வேண்டிய விஷயம். கர்னல் என்பது இயங்குதளத்தின் அடிமட்டம். நினைவகம், வட்டு, நெட்வொர்க் எல்லாம் அதன் கையில். புதிய கர்னலை நிறுவினாலும், ரீஸ்டார்ட் செய்யும்வரை பொதுவாகப் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

கஸ்டம் கர்னலின் சிக்கல்

வேகத்துக்காகவோ, ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க் கார்டுக்காகவோ கர்னலைத் தாங்களே கம்பைல் செய்து போட்டுக்கொண்டவர்கள் உண்டு. சில ஹோஸ்டிங் நிறுவனங்களும் சொந்தக் கர்னலைக் கொடுத்தன. இப்படிப்பட்ட சர்வரில் அப்டேட் கட்டளை கொடுத்தால் மற்ற மென்பொருள்கள் புதுப்பிக்கப்படும். ஓடிக்கொண்டிருக்கும் கஸ்டம் கர்னல் மட்டும் அப்படியே இருக்கும். திரையில் எல்லாம் சரி என்றே வரும்.

இதன் ஆபத்து விடுதிக்காரருக்கு உடனே புரியும். இணையதளத்தின் சிறு ஓட்டை வழியாக வருகிறவன் கையில் முதலில் ஓர் அறையின் சாவிதான் இருக்கும். கர்னலில் ஓட்டை இருந்தால் மாஸ்டர் சாவியே கிடைத்துவிடும். 2016 அக்டோபரில் வெளிவந்த ‘டர்ட்டி கவ்’ அப்படிப்பட்டது. 2007 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் கர்னலுக்குள் ஒளிந்திருந்த பிழை. 2022 மார்ச்சில் ‘டர்ட்டி பைப்’ வந்தது. இரண்டுக்கும் திருத்தம் உடனே வெளியானது. பழைய கஸ்டம் கர்னலுக்கு அது தானாக வந்து சேராது.

மலைக்குக் கீழே ஆம்பூர், வாணியம்பாடியின் தோல், ஷூ ஏற்றுமதியாளர்களுக்கு இழப்பு வேறு வகை. மின்னஞ்சலும் அதே சர்வரில் இருந்தால், கடிதங்களைப் படித்துக் காத்திருப்பவன், பில் அனுப்பும் நேரம் பார்த்து “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதுவான். சரக்கு கப்பலேறிவிடும், பணம் வேறெங்கோ போய்விடும்.

மாற்றும் முறை

1. ‘யூநேம்’ கட்டளையால் கர்னலின் எண்ணையும், அது உருவாக்கப்பட்ட தேதியையும் பாருங்கள். எண் பழையது என்பதாலேயே ஆபத்து என்று முடிவுகட்ட வேண்டாம். ரெட் ஹாட் போன்ற இயங்குதள நிறுவனங்கள் பழைய எண்ணிலேயே திருத்தங்களைச் சேர்க்கும். யார் உருவாக்கியது, எப்போது என்பதே முக்கியம்.

2. இயங்குதளத்துக்கே ஆயுள் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் நின்றது. அதற்குக் கர்னல் மட்டும் மாற்றுவது ஒட்டுப்போடுவதுதான். புதிய சர்வர் எடுத்துத் தளத்தை அங்கே மாற்றுங்கள். கன்டெய்னர் வகை சர்வரில் கர்னல் ஹோஸ்டிங் நிறுவனத்துடையது. நீங்கள் மாற்ற முடியாது; அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.

3. பேக்கப்பை வேறோர் இடத்தில் வையுங்கள். அதிலிருந்து ஒரு முறை மீட்டுப் பாருங்கள்.

4. ரீஸ்டார்ட்டுக்குப் பின் சர்வர் எழவில்லை என்றால் வழக்கமான வழியில் உள்ளே போக முடியாது. ஹோஸ்டிங் நிறுவனம் தரும் கன்சோல் திறக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

5. இயங்குதளத்தின் சொந்தக் கர்னலை நிறுவுங்கள். வட்டு, நெட்வொர்க் டிரைவர்கள் அதில் உண்டா என்று சரிபாருங்கள். பழைய கர்னலை பூட் பட்டியலில் தற்காலிகமாக விட்டுவையுங்கள். சிக்கல் வந்தால் திரும்ப வழி வேண்டும்.

6. வெள்ளிக்கிழமை இரவில் கைவைக்காதீர்கள். செவ்வாய் விடியற்காலை நல்ல நேரம். சர்வர் எழுந்ததும் கர்னல் எண், ஃபயர்வால், முன்பதிவு, பணம் செலுத்தும் பக்கம், மின்னஞ்சல் ஐந்தையும் சோதியுங்கள். ஒரு வாரம் சரியாக ஓடினால் பழையதை நீக்கலாம்.

ஏற்கெனவே நுழைந்துவிட்டால்

கர்னலை மாற்றினால் மட்டும் திருடன் வெளியேற மாட்டான். லாக் பதிவுகளையும் வட்டின் நகலையும் முதலில் எடுத்துவையுங்கள், சர்வரைப் புதிதாக அமையுங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும்; லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்; வங்கிக்கும் சொல்லுங்கள்.

உரிமையும் பொறுப்பும்

அனுமதியின்றி உள்ளே நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும். இழப்பீடு 5 கோடி ரூபாய் வரை என்றால் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் தீர்ப்பு அதிகாரியாக விசாரிப்பார். பராமரிப்புக்குப் பணம் வாங்கியவர் வேலையைச் செய்யவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாமா? வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவைக்குப் பொதுவாக முடியாது; பிழைப்புக்காகச் சொந்தமாக நடத்தும் சிறுதொழிலுக்கு விலக்கு உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. எதற்கும் ஒப்பந்தத்தில் “கர்னல் உட்படப் பாதுகாப்புத் திருத்தங்கள்” என்று ஒரு வரி இருக்கட்டும்.

விருந்தினருக்கும் உரிமை உண்டு. 2023-இன் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்பவர் தக்க பாதுகாப்பு செய்ய வேண்டும் என்கிறது; தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. விருந்தினர்கள் இப்போதே முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம். விடுதிக்காரர்கள் தேவை முடிந்த நகல்களை அழித்துவிடலாம். சர்வரில் இல்லாததை யாரும் திருட முடியாது.

இதே வட்டாரத்தின் தோல் கழிவால் பாலாறு கெட்டது குறித்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது: தீங்கு வருமுன் காக்க வேண்டும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு அது. சர்வருக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று வாதிட வரவில்லை. ஆனால், கவனிக்காமல் விட்ட சர்வரிலிருந்து கசிவதும் வேலிக்குள் நிற்பதில்லை. பிடிபட்ட சர்வர் ஊரார் சர்வர்களைத் தாக்கவும் பயன்படும். முன்கூட்டிய காவலுக்கு ஆகும் செலவு ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. பின்னால் வரும் செலவு என்னவென்று பாலாற்றங்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.