எலுமிச்சை விற்க இணையதளம்: சீக்கிரம் திறக்கவும், வந்தவர் நிற்கவும் என்ன செய்யலாம்?

புளியங்குடி எலுமிச்சைக்கு அறிமுகம் தேவையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில் பறிக்கும் காய் இங்குள்ள மார்க்கெட்டுக்கு வந்து, விலை பேசப்பட்டு, கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் லாரி ஏறுகிறது. கோடையில் நல்ல விலை, மழைக் காலத்தில் பறிகூலிக்கே கட்டாத விலை என்பது நமக்குப் பழகிய கதை. 2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் கேள்விப்பட்ட வெளியூர்க்காரர் முதலில் செய்வது, செல்போனை எடுத்துத் தேடிப் பார்ப்பதுதான். அப்படித் தேடி வருபவரைப் பிடிக்கலாம் என்ற எண்ணத்தில் உழவர் குழுக்களும், ஊறுகாய் போடும் குடும்பங்களும், கன்று வளர்ப்போரும் இணையதளம் வைக்க முன்வருகிறார்கள். பணம் கட்டி ஒருவரிடம் செய்து வாங்கியும் விடுகிறார்கள். ஆர்டர் மட்டும் வருவதில்லை.

அண்மையில் புளியங்குடி பேருந்து நிலையத்தில் நின்றபடி அப்படிப்பட்ட ஒரு தளத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாகத் திறந்தபோது, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பெரிய படங்கள் ஓடின. விலை என்ன என்று தேடினால் சென்ற ஆண்டு விலை. போன் நம்பர் எல்லாவற்றுக்கும் அடியில். வாங்க வந்தவர் இதற்குள் வேறு கடைக்குப் போயிருப்பார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பச்சைக் காயை மூட்டை மூட்டையாக விற்க இணையதளம் உதவாது. பறித்த காய் வாடும் முன் போய்ச் சேர வேண்டும். அதற்கு மார்க்கெட்டும் கமிஷன் கடையும்தான் வழி. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மட்டும் வைத்திருப்பவர் தனித் தளத்துக்குச் செலவழிக்கவும் வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியலைப் போட்டு வைத்தாலே போதும். ஊறுகாய், உப்பில் ஊறிய காய், வற்றல், எலுமிச்சைக் கன்று ஆகியவற்றுக்கும், மாதாமாதம் காய் கேட்கும் ஓட்டல், ஜூஸ் கடை, ஊறுகாய் ஆலைகளைப் பிடிப்பதற்கும் தளம் பயன்படும். இவர்கள் ஒரு முறை பார்த்துப் பேசிவிட்டால் பிறகு போனிலேயே வியாபாரம் நடக்கும். ஆகவே தளத்தின் வேலை அந்த முதல் போனை வரவழைப்பதுதான்.

இனி வேகத்துக்கு வருவோம். செல்போனில் ஒரு பக்கம் திறக்க 3 விநாடிக்கு மேல் ஆனால், வந்தவர்களில் 53 சதவீதம் பேர் விட்டுப் போய்விடுகிறார்கள் என்று கூகுள் நிறுவனம் 2016-ல் வெளியிட்டது. கூடுதலாகும் ஒவ்வொரு விநாடிக்கும் 10 சதவீத வாசகர்களை இழப்பதாக பி.பி.சி. தன் தளத்தில் கண்டது. உலகமெங்கும் பெயர் பெற்ற நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத நம் தளத்துக்கு யார் காத்திருப்பார்?

தாமதத்துக்கு முக்கிய காரணம் படங்கள். இப்போதைய செல்போனில் எடுக்கும் ஒரு படம் 4 எம்.பி., 5 எம்.பி. இருக்கிறது. தோட்டம், காய், பாட்டில் என்று பத்துப் படங்களை அப்படியே ஏற்றிவிட்டால் பக்கத்தின் கனம் 50 எம்.பி. சிக்னல் மந்தமான இடத்தில் விநாடிக்கு அரை எம்.பி. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் படமும் வந்து சேர 100 விநாடி ஆகும். அதே படங்களை ஒவ்வொன்றும் 100 கே.பி. அளவுக்குக் குறைத்தால் மொத்தம் 1 எம்.பி.தான், 2 விநாடியில் வந்துவிடும். படம் மங்கிப் போகுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. போன் எடுக்கும் படத்தின் அகலம் சுமார் 4,000 புள்ளி. பார்ப்பவருடைய போன் திரைக்கு 1,000 புள்ளி போதும். அகலத்தையும் உயரத்தையும் கால் பங்காக்கினால் மொத்தப் புள்ளிகள் பதினாறில் ஒரு பங்காகக் குறைகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. படத்தை ‘வெப்-பி’ என்ற வடிவத்தில் சேமித்தால் கனம் இன்னும் குறையும். தளம் செய்பவரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குப் புரியும். பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள படங்கள், பார்ப்பவர் அங்கே இறங்கும்போது மட்டும் வரும்படி செய்யவும் வழி உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள்.

தானாக ஓடும் வீடியோவும், மாறி மாறி வரும் படங்களும் பார்க்க அழகுதான். வந்தவரின் நெட் பணத்தை அவை தின்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வீடியோ வேண்டுமானால் ஒரு படத்தை மட்டும் வைத்து, விரும்பியவர் தொட்டால் ஓடும்படி வைக்கலாம். ரெடிமேடாக வாங்கும் தள அமைப்புகளில் பனி பொழிவது, எழுத்து ஆடுவது போன்ற தேவையற்ற சேர்மானங்கள் பல வரும். களை எடுப்பது போல அவற்றை எடுத்துவிட வேண்டும். அலங்கார எழுத்துருக்கள் நான்கைந்து ஏற்றுவதும் சுமையே. போனில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்தே போதும்.

எழுத்தைப் பற்றி இன்னொன்று. விலைப் பட்டியலை நோட்டீஸ் போல அச்சடித்து, அதைப் படம் பிடித்துப் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. படம் கனம், அதிலுள்ள எழுத்தைத் தேடுபொறியும் எளிதில் படித்துக்கொள்ளாது. சிலர் டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்த விஷயத்தை அப்படியே தருகிறார்கள். தளத்தில் அது குறுக்கும் நெடுக்குமாகக் குப்பையாகத் தெரியும். தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தர எழுத்தாக ஏற்றுக்கொண்டது. போனில் நாம் தமிழ் அடிப்பதும் யூனிகோடில்தான். ஆகவே போனிலேயே அடித்துத் தந்துவிடுவது எளிது. ‘புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய்’ என்று ஒருவர் தேடினால் அந்தச் சொற்கள் நம் பக்கத்தில் எழுத்தாக இருந்தால்தான் கூகுளுக்குக் கிடைக்கும்.

வேகத்தைச் சோதிக்கக் காசு செலவில்லை. கூகுளின் ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ என்ற இலவசப் பக்கத்தில் நம் தள முகவரியைக் கொடுத்தால், எத்தனை விநாடியில் திறக்கிறது, எது தடுக்கிறது என்று விவரமாகச் சொல்லும். முக்கியமான படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். தொட்ட இடம் 200 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள், பதில் சொல்ல வேண்டும் என்பதும் 2024 மார்ச் முதல் அந்த அளவுகோலில் சேர்ந்திருக்கிறது. பக்கம் திறக்கும்போது எழுத்து மேலும் கீழும் குதிக்கவும் கூடாது. போன் நம்பரைத் தொடப் போகும் நேரத்தில் ஒரு படம் வந்து தள்ளி, வேறு எதையோ தொட்டுவிட்ட அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. படத்துக்கு உரிய இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் இந்தத் தொல்லை இராது. 2021 முதல் இந்த அளவுகளையும் கூகுள் தேடலின் வரிசைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் வேகம் மட்டும் முதலிடம் வாங்கித் தராது. தேடியவருக்கு வேண்டிய விஷயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்த விஷயத்தில்தான் நம்மவர்கள் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். நிறுவனத்தின் நோக்கம், தலைவர் வாழ்த்துரை, திறப்பு விழாப் படம் இவையெல்லாம் முன்னால் நிற்கின்றன. வாங்க வந்தவர் கேட்பது வேறு. இன்று என்ன விலை? குறைந்தது எவ்வளவு வாங்க வேண்டும்? எத்தனை நாளில் வரும்? ஊறுகாய் எந்த எண்ணெயில் போட்டது, எத்தனை மாதம் கெடாது? கன்று எத்தனை மாத வயது, ஒட்டா, விதைக் கன்றா? இவற்றுக்கு முதல் திரையிலேயே பதில் இருக்க வேண்டும். விலைக்குப் பக்கத்தில் தேதி போடுங்கள். 2022 ஏப்ரலில் பல நகரங்களில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாளில் ஆறு மாதத்துக்கு முந்தைய விலை தளத்தில் இருந்தால், போன் செய்தவரோடு சண்டைதான் மிச்சம். தினமும் மாற்ற முடியாதவர்கள் பச்சைக் காய்க்கு விலை போடாமல், ‘இன்றைய விலைக்குப் போன் செய்யவும்’ என்று எழுதிவிடுவது மேல்.

போன் நம்பர் மேலேயே இருக்கட்டும். தொட்டவுடன் அழைப்புப் போகும்படியும், பக்கத்தில் வாட்ஸ்அப் குறியும் வைத்துவிட்டால், நீளமான விண்ணப்பப் படிவம் எதுவும் தேவையில்லை. நமக்குக் கேரள வியாபாரிகள் அதிகம் என்பதால் மலையாளத்தில் ஒரு சின்னப் பக்கம் எழுதி வைப்பது, ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதுவதைவிடப் பலன் தரும் என்பது என் எண்ணம். உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைத் தெளிவாகப் போட வேண்டும். புவிசார் குறியீட்டுச் சின்னத்தையோ, பக்கத்துத் தளத்தில் பார்த்துப் படத்தையோ எடுத்து ஒட்டிவிடக் கூடாது. சின்னத்தைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். படமோ நம் தோட்டத்துப் படமாகவே இருக்கட்டும். வடு இருக்கும் காயும் கலந்து தெரிந்தால்தான் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

மாதம் இத்தனை ஆயிரம் பேர் தளத்துக்கு வந்தார்கள் என்று செய்து கொடுத்தவர் கணக்குக் காட்டுவார். அதில் மயங்க வேண்டாம். குற்றால சீசனில் சாலையில் போகும் கார்களை எண்ணி, நம் கடை வியாபாரம் இவ்வளவு என்று சொல்ல முடியுமா? வந்தவர் நின்றாரா என்று பார்க்க வேண்டும். கூகுளின் இலவசக் கணக்கீட்டு முறையில், 10 விநாடிக்கு மேல் தங்கினாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் குறித்து வைத்த செயலைச் செய்தாலோதான் ஈடுபாடு காட்டிய வருகை என்று எடுத்துக்கொள்கிறார்கள். போன் நம்பரைத் தொட்டவர் எத்தனை பேர் என்பதை அந்தச் செயலாகக் குறித்து வையுங்கள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வேண்டும். அழைத்தவர் எந்த ஊர், என்ன கேட்டார், எங்கே பார்த்தார் என்று எழுதி வந்தால், இரண்டு மாதத்தில் தளத்தில் எது குறைகிறது என்று தெரிந்துவிடும். பலரும் ஒரே கேள்வியைக் கேட்டால் அதன் பதில் பக்கத்தில் இல்லை, அல்லது கண்ணில் படவில்லை என்று பொருள்.

மாற்றம் செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. புது உரத்தைச் சோதிக்க நாலு வரிசைக்குப் போட்டு, நாலு வரிசையைச் சும்மா விட்டுப் பார்ப்போம் அல்லவா? அது போல முதலில் படங்களைக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். பிறகு போன் நம்பரை மேலே ஏற்றுங்கள். எதனால் அழைப்பு கூடியது என்று அப்போதுதான் புரியும். நாள் கிழமையையும் நினைவில் வைக்க வேண்டும். கோடையில் எலுமிச்சையைத் தேடுபவர் எப்படியும் கூடுவார்கள், அது நம் தளத்தின் சாமர்த்தியம் அல்ல.

இந்த வேலை தெரிந்த பிள்ளைகளுக்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-லேயே அலுவலகம் திறந்தது. உலகெங்கும் வியாபாரிகள் தங்கள் வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கப் பயன்படுத்தும் ‘ஜோஹோ டெஸ்க்’ என்ற மென்பொருள் அங்கே உருவானது. கணினி படித்த இளைஞர்கள் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். விலை மாற்றவும் படம் குறைக்கவும் ஒரு நாள் அவர்களிடம் கற்றுக்கொண்டால், குழுவில் ஒருவர் அதைத் தொடர்ந்து செய்யலாம். யார் செய்வது என்று பெயர் குறித்துவிட வேண்டும். பொதுவில் விட்ட வேலை நடக்காது.

தளம் செய்யக் கொடுக்கும்போது ஒரு காரியத்தில் கறாராக இருங்கள். தளத்தின் முகவரிப் பெயரைக் குழுவின் பெயரிலேயே, குழுவின் மின்னஞ்சலிலேயே பதிவு செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குழு அதைச் செய்துகொடுத்தவர் பெயரில் விட்டது. அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆண்டுக் கட்டணம் கட்ட ஆள் இல்லை. ஒரு நாள் பெயர் காலாவதியாகி வேறு யாரோ அதை வாங்கிவிட்டார்கள். ஊறுகாய் பாட்டில் லேபிளில் அச்சடித்திருந்தது அந்தப் பழைய முகவரி. புதுப் பெயர் வாங்கி, இருப்பில் இருந்த லேபிள் அத்தனையையும் கிழித்துவிட்டு மறுபடி அச்சடித்தார்கள்.